ஒன்பதோடு நிற்கும் கட்டடங்கள்: சின்ன மனைகளிலிருந்து மலிவு வீடு பெற எந்த வழி?

இங்கிலாந்தில் பிளானிங் விண்ணப்பங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு ஒன்பது என்ற எண் அலுத்துப் போயிருக்கும். பழைய தனி வீட்டை இடித்துவிட்டு ஒன்பது பிளாட். மூடிப்போன பப் இருந்த இடத்தில் ஒன்பது பிளாட். பன்னிரண்டு கட்டத் தோதான மனையிலும் ஒன்பதுதான். இதில் ராசி பார்க்கும் வேலை எதுவும் இல்லை. பத்தாவது வீடு வந்துவிட்டால் அது 'மேஜர்' திட்டம் ஆகிவிடும். மலிவு வீடு (சந்தை விலைக்குக் கீழே வாடகைக்கோ விற்பனைக்கோ தரும் வீடு) எங்கே என்று கவுன்சில் கேட்கும். ஒன்பதோடு நிறுத்தினால், தேசியக் கொள்கைப்படி கேட்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

எங்கே, எவ்வளவு கட்டலாம் என்று வகுக்கும் லோக்கல் பிளானைக் கவுன்சில்கள் புதுப்பிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி திரும்ப வருகிறது: சின்ன மனைகளை என்ன செய்வது? அப்படியே விட்டுவிடுவதா, வீடாகக் கேட்பதா, பணமாகக் கேட்பதா, அல்லது கவுன்சில் தன் சொந்த நிலத்தில் இறங்குவதா? பொதுமக்கள் கருத்துக் கேட்பில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். ஹாரோ, குரொய்டன், ரெட்பிரிட்ஜ் என்று நம் ஆட்கள் நிறைய இருக்கும் லண்டன் புறநகர்களில் கண்ணுக்குத் தெரியும் கட்டுமானத்தில் கணிசமான பங்கு இந்த வகைதான் என்றாலும், அந்தப் பக்கத்தை நிரப்பி அனுப்புகிறவர்கள் குறைவு. அனுப்ப நினைப்பவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை சதவீதம் என்பதைவிட, பத்து என்ற அந்தக் கோடுதான் அதிகக் கெடுதல் செய்கிறது. எந்த வழி அந்தக் கோட்டை அழிக்கிறதோ அதுவே பெரும்பாலான இடங்களில் நல்லது. எல்லா இடத்திலும் அல்ல; அதற்கும் வருகிறேன்.

கோடு வந்த கதை சுருக்கமாக. கட்டுகிறவரிடம் மலிவு வீடு கேட்கும் அதிகாரம் 1990ஆம் ஆண்டு நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவில் போடும் ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. எல்லோரும் 'செக்‌ஷன் 106' என்றே சொல்வார்கள். 2014 நவம்பர் 28 அன்று அரசு ஓர் அறிக்கை வெளியிட்டது: பத்து வீடு வரை, மொத்தப் பரப்பு 1,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் மலிவு வீட்டுப் பங்களிப்பு கேட்காதீர்கள். வெஸ்ட் பெர்க்‌ஷயர், ரெடிங் கவுன்சில்கள் வழக்குப் போட்டன. 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்தது. 2018இல் தேசியத் திட்டமிடல் கொள்கைக்குள்ளேயே அது நுழைந்து, 'பத்து வீட்டுக்குக் குறைந்தால் கேட்கக் கூடாது' என்று இறுகிவிட்டது. பரப்பு அரை ஹெக்டேரைத் தொட்டால் மட்டும் வீட்டு எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் மேஜர்தான். அறிவிக்கப்பட்ட கிராமப் பகுதிகளில் வரம்பை ஐந்து வீட்டுக்கோ அதற்கும் கீழேயோ இறக்கிக்கொள்ளலாம்.

2016 தீர்ப்பில் பலர் கவனிக்காத பாதி ஒன்று உண்டு. தேசியக் கொள்கை செல்லும். ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றத் தேவையில்லை. சட்டப்படி முடிவின் தொடக்கப்புள்ளி லோக்கல் பிளான்தான். உள்ளூர்த் தேவைக்கு ஆதாரம் காட்டினால் ஒரு கவுன்சில் விலகி நடக்கலாம். லண்டனில் சில கவுன்சில்கள் இந்த வாசல் வழியாகத்தான் இன்றும் ஒன்பது வீட்டுத் திட்டங்களிடம் பங்கு வாங்குகின்றன. 'தேசியக் கொள்கை தடுக்கிறது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது' என்று ஒரு கவுன்சில் சொன்னால் அது பாதி உண்மைதான்.

இனி முதல் வழி: தேசியக் கோட்டை அப்படியே ஏற்றுக்கொள்வது. இதற்கு ஆதரவான வாதம் லேசானதல்ல. 1988இல் புதிய வீடுகளில் கிட்டத்தட்ட பத்தில் நான்கைச் சின்ன பில்டர்கள் கட்டினார்கள்; இப்போது பத்தில் ஒன்று என்று கட்டுமானத் துறையினர் சொல்கிறார்கள். ஆறு பிளாட் கட்டுகிற ஒருவருக்கு வக்கீல் செலவு, லாப நட்டக் கணக்கு அறிக்கை, மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை என்று எல்லாம் அறுநூறு வீடு கட்டுகிற கம்பெனிக்கு இருப்பது போலவேதான். வட்டி மட்டும் அவருக்கு அதிகம். 2024 ஏப்ரலிலிருந்து உயிரினச் சூழலைப் பத்து சதவீதம் மேம்படுத்திக் காட்டும் கடமையும் சின்ன மனைகளுக்கு வந்தது. 'எங்களை விடுங்கள், வீடாவது கிடைக்கும்' என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் விலக்கு கொடுத்தால் அந்த லாபம் யாருக்குப் போகிறது? மனை ஏலத்துக்கு வரும்போது ஒவ்வொரு பில்டரும் கட்டி விற்றால் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுத்தான் விலை கேட்பார். மலிவு வீட்டுச் செலவு இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தால், எல்லோரும் அதே அளவு கூட்டிக் கேட்பார்கள். கடைசியில் பணம் நிலம் விற்றவர் கையில். இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தைக் காட்டியது லண்டனின் இஸ்லிங்டன் கவுன்சில் சம்பந்தப்பட்ட பார்க்ஹர்ஸ்ட் ரோடு வழக்கு. அது பெரிய மனை. பாதுகாப்பு அமைச்சகத்திடமிருந்து 1 கோடியே 32.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியவர்கள், இவ்வளவு கொடுத்து வாங்கியபின் கேட்கிற அளவு மலிவு வீடு தர முடியாது என்றார்கள். விதி என்னவென்று தெரிந்தே அதிக விலை கொடுத்தது உங்கள் பாடு என்ற நிலைப்பாட்டில் கவுன்சில் நின்றது. 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கவுன்சில் பக்கமே நின்றது. விதி முன்கூட்டியே தெளிவாக இருந்தால் சுமை நில விலையில் இறங்கும். இந்தக் கட்டுரைக்கு இதைவிட முக்கியமான வாக்கியம் என்னிடம் இல்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை. காலி நிலத்துக்கும், ஏற்கெனவே நல்ல விலை போகும் தனி வீடு நிற்கும் மனைக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதில், இடிக்கும் முன்பே அந்த வீட்டின் விலையைக் கொடுத்தாக வேண்டும். விலை அதற்குக் கீழே இறங்கினால் வீட்டுக்காரர் விற்கவே மாட்டார். அங்கே பெரிய பங்கு கேட்டால் திட்டமே நின்றுபோகும். புறநகர்ச் சின்ன மனைகளில் இது நிறைய. அதனால்தான் கேட்கிற அளவு சிறியதாக இருக்க வேண்டும். சிறியதாகக் கேட்பது ஒன்று, கேட்காமலே விடுவது வேறு.

சரி, விலக்கால் ஓர் ஊர் எவ்வளவு இழக்கிறது? அது ஊருக்கு ஊர் மாறும். 2021இல் வந்த லண்டன் மேயரின் 'லண்டன் பிளான்' பத்து வருடத்துக்கு 5,22,870 வீடுகளை இலக்கு வைத்தது. அதில் 1,19,250, அதாவது நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக, கால் ஹெக்டேருக்குக் குறைந்த மனைகளிலிருந்து வர வேண்டும். கவுன்சில்வாரியாகப் பார்த்தால் படம் தலைகீழாகிவிடுகிறது. ஹாரோவின் இலக்கு 8,020. அதில் 3,750 சின்ன மனைகளில். நியூஹாமின் இலக்கு 32,800. அதில் 3,800தான் சின்ன மனைகளில். ஒன்றில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, மற்றதில் எட்டில் ஒன்றுகூட இல்லை. (கால் ஹெக்டேருக்குள் பத்து வீட்டுக்கு மேலும் கட்டலாம், ஆகவே இவை எல்லாமே விலக்குக்குள் வருபவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.) நியூஹாம் மாதிரி இடத்தில் சின்ன மனைக் கொள்கைக்காக மல்லுக்கு நிற்பதைவிட, பெரிய திட்டங்களில் ஐந்து சதவீதம் கூட்டி வாங்கினால் பலன் அதிகம். ஹாரோ மாதிரி இடத்தில் விலக்கை ஏற்பது என்பது, வரப்போகும் வீடுகளில் ஒரு பெரிய பங்கை மலிவு வீட்டுக் கணக்கிலிருந்தே கழித்துவிடுவது.

அப்புறம் அந்தக் கோடு. லண்டனில் பத்து வீடு என்றால் 35 சதவீதம் என்பதுதான் பேச்சு தொடங்கும் இடம். மூன்று அல்லது நான்கு வீடு போய்விடும், சந்தை விலைக்கு விற்க ஆறோ ஏழோதான் மிஞ்சும். ஒன்பது கட்டினால் ஒன்பதும் அவருக்கே. யார்தான் பத்து கட்டுவார்? பதினான்கு சின்ன பிளாட் கட்ட வேண்டிய இடத்தில் ஒன்பது பெரிய பிளாட் வரும். அல்லது மனையை இரண்டாக்கி இரண்டு விண்ணப்பம் போடுவார்கள். இப்படிப் பிரிப்பதைப் பிடிக்க, உரிமையாளர் ஒருவரா, இடம் ஒன்றா, திட்டம் ஒன்றா என்ற மூன்று கேள்விகள் 2003ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் வழக்கிலிருந்து இருக்கின்றன. ஆனால் சில வருட இடைவெளி விட்டு வேறு கம்பெனிப் பெயரில் வந்தால் நிரூபிப்பது கஷ்டம். ஆக, மலிவு வீடும் கிடைக்கவில்லை, வர வேண்டிய எண்ணிக்கையில் வீடும் வரவில்லை.

இரண்டாவது வழி, சின்ன மனையிலேயே வீடாகக் கேட்பது. காதுக்கு இதுதான் இனிமையாக இருக்கும்: அதே தெரு, அதே கட்டடம், கலந்து வாழ்வது. நடைமுறையில் பெரும்பாலும் எடுபடாது. எட்டு பிளாட் கட்டடத்தில் ஒன்றை மட்டும் வாங்கி நிர்வகிக்க, மலிவு வீடுகளை நடத்தும் லாப நோக்கற்ற ஹவுசிங் அசோசியேஷன்கள் விரும்புவதில்லை. லிஃப்டும் சர்வீஸ் சார்ஜும் (பராமரிப்புக் கட்டணம்) இன்னொருவர் கையில். பழுது பார்க்கிற ஆள் ஒரே ஒரு வீட்டுக்காக வர வேண்டும். பெரிய திட்டங்களிலேயே செக்‌ஷன் 106 வீடுகளை வாங்க ஆள் கிடைக்காமல் 2024இல் ஆயிரக்கணக்கில் தேங்கி, வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைக்க அந்த டிசம்பரில் அரசின் வீட்டுவசதி அமைப்பான ஹோம்ஸ் இங்கிலாந்து தனிச் சேவையே தொடங்க வேண்டி வந்தது. அங்கேயே அந்த நிலை என்றால் ஒற்றைப் பிளாட்டின் கதி என்ன?

அசோசியேஷன் தேவைப்படாத வகையும் இருக்கிறது: சந்தை விலையில் 30 சதவீதம் தள்ளி முதல்முறை வாங்குபவருக்கு விற்கும் 'ஃபர்ஸ்ட் ஹோம்ஸ்'. தள்ளுபடிக்குப் பின் விலை லண்டனில் 4,20,000 பவுண்டுக்குள், மற்ற இடங்களில் 2,50,000க்குள் இருக்க வேண்டும். நல்லதுதான், ஆனால் மார்ட்கேஜ் கிடைக்கும் அளவு சம்பளம் இருப்பவர்களுக்கு. கவுன்சில் பட்டியலில் வருடக்கணக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அது எட்டாது. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: 'மலிவு வீடு' என்று ஆவணத்தில் இருந்தால் எந்த வகை என்று கட்டாயம் பாருங்கள். சோஷியல் ரெண்ட் என்றால் உள்ளூர்ச் சம்பளத்தையும் கணக்கில் எடுக்கும் சூத்திரப்படியான குறைந்த வாடகை. அஃபோர்டபிள் ரெண்ட் என்றால் சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை. ஷேர்ட் ஓனர்ஷிப் என்றால் ஒரு பங்குக்கு மார்ட்கேஜ், மிச்சத்துக்கு வாடகை, மேலே சர்வீஸ் சார்ஜ். மூன்றும் ஒரே தலைப்பின் கீழ் எண்ணப்படும்; மூன்றிலும் குடியிருக்கப்போகிறவர்கள் வேறு வேறு ஆட்கள்.

மூன்றாவது வழி, வீட்டுக்குப் பதில் பணம். இதில் இரண்டு மாதிரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இஸ்லிங்டன் 2012இல் ஒற்றைத் தொகையாக வைத்தது: பத்துக்குக் குறைந்த திட்டங்களில் கூடுதலாக வரும் ஒவ்வொரு வீட்டுக்கும் 50,000 பவுண்டு, தெற்குப் பகுதியில் 60,000. ஒன்பது வீடு என்றால் 4,50,000. நிலம் வாங்கும் முன்பே பில்டருக்கு எண் தெரியும். யாரிடமும் பேரம் வேண்டாம். குறை என்னவென்றால், சின்ன பிளாட்டுக்கும் சொகுசு வீட்டுக்கும் ஒரே தொகை. தொகையை அவ்வப்போது ஏற்றாவிட்டால் கட்டுமானச் செலவு ஏறுகிற வேகத்தில் அது கரைந்தும் போகும்.

இன்னொரு லண்டன் கவுன்சிலான கேம்டன் 2017 பிளானில் ஏறுமுக அளவை வைத்தது. கூடுதலாக ஒரு வீட்டுக்கான இடம், அதாவது 100 சதுர மீட்டர் வந்தால் மலிவு வீட்டுப் பங்கு 2 சதவீதம். அடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் இன்னொரு 2. இருபத்தைந்தில் 50 சதவீதத்தைத் தொட்டு நின்றுவிடும். பத்துக்குக் கீழே பணமாகக் கொடுக்கலாம். ஒன்பது வீட்டுக்கு 18 சதவீதம், பத்துக்கு 20. பத்தாவது வீட்டைச் சேர்க்கத் தயங்கக் காரணமே இல்லை. எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் பரப்பையும் வைத்து அளப்பதால், ஒன்பது மாளிகை கட்டித் தப்பிப்பதும் நடக்காது. இரண்டு வீடு கட்டுகிற சின்ன ஆளுக்கு 4 சதவீதம். அது அவர் தொழிலை மூடிவிடாது. எனக்குப் பிடித்தது இதுதான்.

பணத்தில் உள்ள பெரிய ஓட்டை, அது வீடாக மாற வேண்டும் என்பதுதான். கவுன்சில் கணக்கில் தூங்கும். ஒப்பந்தத்தில் குறித்த காலத்துக்குள் செலவழிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க நேரும். செலவழித்தாலும் வசதியான வார்டில் வசூலித்து மனை மலிவாக இருக்கும் வார்டில் கட்டுவார்கள். தென்கோடித் தெரு ஒன்றில் கட்டடம் எழும்ப, வடகோடியில் யாருக்கோ வீடு கிடைக்கும். எனக்கு அது பரவாயில்லை. ஆனால் எழும்பும் கட்டடத்தின் நிழலில் குடியிருப்பவர்களுக்குப் பரவாயில்லையா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். குரொய்டன் 2019இல் புறநகர்த் தெருக்களை நெருக்கமாக்க வடிவமைப்பு வழிகாட்டி ஒன்றைக் கொண்டுவந்தது. எதிர்ப்பு வளர்ந்து 2022இல் அதை நீக்கிவிட்டார்கள். எதிர்ப்புக்குப் பல காரணம் சொல்வார்கள். வாகன நிறுத்தம், மரம், பக்கத்து வீட்டு வெளிச்சம் என்று போகும். தங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றுகூடக் கிடைக்காத ஒன்பது பிளாட்டுக்கு ஆதரவாகப் பேச அந்தத் தெருவில் ஆள் இருக்க மாட்டார் என்பதையும் நான் அந்தப் பட்டியலில் சேர்ப்பேன்.

அதனால்தான் மூன்றாவது வழி நான்காவதோடு சேர்ந்து போக வேண்டும். கவுன்சிலிடம் சொந்தமாகத் துண்டு துண்டாக நிலம் இருக்கும்: யாரும் கார் விடாத கராஜ் வரிசை, மூடிய கிளப், எஸ்டேட் ஓரத்துக் காலியிடம். லூயிஷம் கவுன்சிலின் அப்படியொரு கராஜ் இடத்தில்தான் சிட்டிசன்ஸ் ஹவுஸ் எழும்பியது. பதினோரு வீடு, 2023இல் முடிந்தது. உள்ளூர் மக்களுக்காக நிலத்தை வைத்திருக்கும் லண்டன் கம்யூனிட்டி லேண்ட் டிரஸ்ட் அதைக் கட்டி, சந்தை விலைக்கு அல்லாமல் உள்ளூர்ச் சம்பளத்தை வைத்து விலை நிர்ணயித்தது. விற்கும்போதும் அதே சூத்திரம்தான், அதனால் இரண்டாவதாக வாங்குபவருக்கும் மலிவு. மைல் எண்டில் அதற்கு முன்பே செயின்ட் கிளெமென்ட்ஸ் பழைய மருத்துவமனை வளாகத்தில் இதே டிரஸ்டுக்கு 23 வீடுகள்.

இதற்கு நிலத்தை அதிகபட்ச விலைக்கு விற்றே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறதே என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. 1972 உள்ளாட்சிச் சட்டத்தின் 123ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. கூடவே 2003ஆம் ஆண்டுப் பொது அனுமதி ஒன்றும் இருக்கிறது: பகுதி நலனுக்கு உதவும் என்றால் 20 லட்சம் பவுண்டு வரை குறைத்து விற்கலாம், அமைச்சரிடம் போகத் தேவையில்லை. ஒரு கராஜ் வரிசைக்கு அது தாராளம். உண்மையான தடை வேறு. இத்தகைய திட்டங்கள் முடிய வருடக்கணக்காகும், எண்ணிக்கை சொற்பம், கூட்டம் நடத்தி மனுப் போட ஆட்கள் வேண்டும். மூன்றாவது வழியில் சேரும் பணம் இங்கே வந்தால் அந்த வேகம் கொஞ்சம் கூடும். பணத்துக்கு நிலமும் நிலத்துக்குப் பணமும் கிடைக்கும்.

கிராமங்களில் மொத்தக் கணக்கும் வேறு. அங்கே நீண்ட காலமாக இருக்கும் விதிவிலக்கு மனை முறையே போதும்: வழக்கமாக வீடு கட்ட அனுமதி கிடைக்காத ஊர் ஓர நிலத்தில், உள்ளூர்க்காரர்களுக்கு என்றென்றும் மலிவு வீடாக இருக்கும் என்றால் மட்டும் அனுமதி. வேறெதற்கும் அனுமதி கிடைக்காது என்பதால் நிலம் வயல் விலையைவிடக் கொஞ்சம் அதிகத்தில் கிடைக்கும். ஆனால் லோக்கல் பிளான் அதே ஊர் ஓரத்தைச் சாதாரண வீட்டு மனையாக ஒதுக்கப்போகிறது என்ற பேச்சு கிளம்பினாலே நிலக்காரர் காத்திருக்க ஆரம்பித்துவிடுவார். அப்புறம் அந்த விலைக்குத் தர மாட்டார்.

2025 மே மாதம் அரசு வெளியிட்ட ஆலோசனைத் தாள் பத்து முதல் நாற்பத்தொன்பது வரையான திட்டங்களுக்கு 'நடுத்தர மனை' என்று தனிப் பிரிவு வைக்கலாம் என்றது. அளவுக்கேற்ற விதி என்ற எண்ணம் சரிதான். ஆனால் சலுகைகளை இன்னொரு எண்ணில் கட்டினால், இப்போது ஒன்பதில் குவியும் விண்ணப்பங்கள் நாற்பத்தொன்பதிலும் குவியும்.

ஆகவே கருத்துக் கேட்புப் படிவம் கையில் வந்தால் முதலில் பிளானில் சின்ன மனைகளின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். அது பெரிய பங்கு என்றால், கேம்டன் மாதிரி ஏறுமுக அளவைக் கேளுங்கள். தொகை விலைவாசியோடு தானாக ஏற வேண்டும், வேலை தொடங்கும்போது வாங்காமல் குடிவரும் முன் வாங்க வேண்டும் (சின்ன பில்டருக்கு வட்டி மிச்சமாகும்), பணம் போகப்போகும் கவுன்சில் மனைகளின் பட்டியலைப் பிளானோடு சேர்த்தே வெளியிட வேண்டும் என்றும் எழுதுங்கள். ஒவ்வொரு கவுன்சிலும் செக்‌ஷன் 106 பணம் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவழியாமல் கிடக்கிறது என்ற அறிக்கையை ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் வெளியிட வேண்டும். 2020இலிருந்து இது கடமை. எழுதும் முன் அதைத் தேடிப் படியுங்கள். மலிவு வீட்டுக்கென்று வந்த பணம் வருடா வருடம் குவிந்துகொண்டே போகிறது என்றால், மூன்றாவது வழியை மட்டும் ஆதரித்து எழுதாதீர்கள். அந்த எண்ணையே மேற்கோள் காட்டி நான்காவதையும் சேர்த்துக் கேளுங்கள்.